பிரபஞ்சம் ஊதிப் பெருத்ததற்குச் சாட்சி எங்கே?

கேபிள் டிவி வருவதற்கு முன்னால் ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி பக்கத்து மாடிகளில் பல ஆன்டெனாக்கள் இலங்கையைப் பார்த்துத்தான் நிற்கும். ரூபவாஹினி தெளிவாக எடுக்கும். கிரிக்கெட் நடக்கும் நாளில் டிவி இருக்கும் வீட்டில் தெருவே கூடிவிடும். வாடைக்காற்றில் கம்பம் திரும்பிவிட்டால் போச்சு. படம் மறைந்து திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும், உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வரும். மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருக, கீழே ஜன்னலோரம் நிற்பவர் "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, போயிருச்சு!" என்று கத்துவார்.

அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதி டிவிப் பெட்டிக்குள்ளேயே உண்டாகும் இரைச்சல். மீதி பக்கத்து வீட்டு மோட்டார், மின்னல், சூரியன் என்று பல இடங்களிலிருந்து வந்தது. ஆனால் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு, ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த கதிர்வீச்சும் அதில் உண்டு. பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த சூட்டின் மிச்சம் அது.

அந்த மிச்சச் சூட்டைத் துருவித் துருவிப் பார்த்துத்தான் பிரபஞ்சத்தின் முதல் நொடிக்குள், நொடியின் கற்பனைக்கு எட்டாத ஒரு துணுக்குக்குள், என்ன நடந்தது என்று அறிவியலாளர்கள் பேசுகிறார்கள். 'பெருவீக்கம்' என்பது அவர்கள் சொல்லும் கதை. கதைக்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, நல்ல ஆதாரங்களே இருக்கின்றன. ஆனால் எல்லோரும் காத்திருக்கும் முக்கியமான ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை. செய்திகளில் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மிச்சச் சூடு

1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றை வைத்து ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவில் ஓர் இரைச்சல் வந்தது. பகல், இரவு, கோடை, குளிர் எதிலும் மாறவில்லை. ஆன்டெனாவுக்குள் புறாக்கள் கூடுகட்டி எச்சமிட்டிருந்தன. அதைத் துடைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. கடைசியில் அது வானத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. 1978-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அது எப்படி வந்தது? ஆரம்பத்தில் பிரபஞ்சம் கொதிக்கும் பிளாஸ்மாவாக இருந்தது. எலக்ட்ரான்கள் அணுவுக்குள் அடங்காமல் தனியாகத் திரிந்தன. ஒளி நேராகப் போக வழியில்லை. ஒரு எலக்ட்ரானில் பட்டுச் சிதறும், அடுத்ததில் பட்டு மறுபடி சிதறும். விரிய விரியச் சூடு இறங்கியது. சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெப்பநிலை 3000 கெல்வின் அளவுக்கு வந்தது, எலக்ட்ரான்கள் அணுக்களில் போய் ஒட்டிக்கொண்டன, ஒளிக்கு வழி திறந்தது. அன்று கிளம்பிய ஒளிதான் இன்று வந்து சேருகிறது. வரும் வழியில் பிரபஞ்சம் சுமார் 1100 மடங்கு விரிந்துவிட்டதால் அதன் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டு, நுண்ணலையாகிவிட்டது. இப்போது அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். விண்வெளியில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இந்தப் பழைய ஒளியின் ஃபோட்டான்கள் சுமார் 410 எந்த நேரமும் இருக்கின்றன.

இதை நுண்ணலைப் பின்னணி என்பார்கள். அதற்கு முந்தைய காலத்தை ஒளியால் பார்க்கவே முடியாது. அந்தப் பிளாஸ்மா ஒரு திரை.

இந்தப் பின்னணியில் ஒரு விசித்திரம் உண்டு. கிழக்கு வானத்திலும் மேற்கு வானத்திலும் வெப்பநிலை ஒன்றுதான். வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே. 1989-இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் 1992-இல்தான் அந்தச் சிறு வித்தியாசத்தையே பிடித்தது. இரண்டு பொருள்கள் ஒரே சூட்டுக்கு வரவேண்டுமென்றால் அவை ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும், அல்லது இடையில் ஒளியாவது போய் வந்திருக்க வேண்டும். சாதாரணமாக விரிந்த பிரபஞ்சத்தில் கணக்குப் போட்டால், அந்த 3,80,000 ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருக்கக்கூடிய பகுதி இன்றைய வானத்தில் ஒன்றிரண்டு பாகை அகலம்தான் இருக்கும். முழுநிலாவின் அகலம் அரைப் பாகை. ஆக, இரண்டு மூன்று நிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடையும் இடத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அறியாதவர்கள் எப்படி லட்சத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில் ஒத்துப்போனார்கள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளி என்பது வளைந்திருக்கலாம். வளைவு இருந்திருந்தால் பிரபஞ்சம் விரிய விரிய அது கூடிக்கொண்டே போயிருக்க வேண்டும். இன்றும் ஏறக்குறைய தட்டையாக இருக்கிறதென்றால், தொடக்கத்தில் நம்ப முடியாத அளவுக்குத் துல்லியமாகத் தட்டையாக இருந்திருக்க வேண்டும். அப்படி அமைத்தது எது?

ஊதிப் பெருத்தல்

1979 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஆலன் கூத் என்ற இளம் இயற்பியலாளர் ஒரு யோசனையை எழுதினார். அது 1981-இல் வெளியானது. அதே சமயத்தில் சோவியத் நாட்டில் அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கி வேறு வழியாக அதே மாதிரியான முடிவுக்கு வந்திருந்தார். கூத்தின் முதல் வடிவத்தில் வீக்கம் ஒழுங்காக நிற்காது என்ற குறை இருந்தது. 1982-இல் ஆந்த்ரேய் லிண்டேயும், தனியாக ஆல்பிரெக்ட், ஸ்டைன்ஹார்ட் இருவரும் அதைச் சரிசெய்தார்கள்.

யோசனை இதுதான். மிக மிகத் தொடக்கத்தில் வெற்றிடத்திலேயே ஓர் ஆற்றல் நிரம்பியிருந்தது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அந்த வகை ஆற்றலின் ஈர்ப்பு இழுக்காது, தள்ளும். வெளி ஊதத் தொடங்கியது. ஒரு முறை இரட்டித்தது, மறுபடி இரட்டித்தது, இப்படி எண்பது தொண்ணூறு முறை. இதெல்லாம் ஒரு நொடியை ஒன்றுக்குப் பின்னால் 32 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் வரும் நேரத்துக்குள் முடிந்திருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்த அளவு வீக்கத்தில் ஒரு நானோமீட்டர் நீளம் பத்து ஒளியாண்டுக்கு மேல் நீண்டுவிடும். ஒளியைவிட வேகமாக எதுவும் போகக்கூடாதே என்று கேட்கலாம். வெளிக்குள் ஓடும் பொருளுக்குத்தான் அந்த விதி. வெளி தானே நீள்வதற்கு அந்தத் தடை இல்லை. வீக்கம் நின்றதும் அந்த ஆற்றல் துகள்களாகவும் சூடாகவும் மாறியது. நாம் பெருவெடிப்பு என்று சொல்லும் சூடான தொடக்கம் அதற்குப் பிறகு.

இப்போது இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும். இன்று வானத்தின் இரு கோடிகளில் இருப்பவை வீக்கத்துக்கு முன் அடுத்தடுத்து ஒட்டியிருந்தவை, சூட்டைப் பகிர்ந்துகொண்டவை. வளைவு எவ்வளவு இருந்திருந்தாலும் அவ்வளவு நீட்டிவிட்டால் தட்டையாகத்தான் தெரியும்.

பிளஸ் டூ பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது தங்கச்சிமடத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், அந்த நேரத்துல பக்கத்துல நின்னு பாத்தது யாரு சார்?" வகுப்பு சிரித்தது. "யாரும் இல்லம்மா. ஆனா தடயம் இருக்கு" என்றேன். "தடயத்தை வச்சு எப்படி சார் இதுதான்னு சொல்லுவீங்க? வேற ஏதாவதாக்கூட இருக்கலாம்ல?" என்றாள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏற்கெனவே தெரிந்த இரண்டு சிக்கலைத் தீர்க்கக் கதை சொல்வது பெரிய காரியமில்லை. தெரியாத ஒன்றை முன்கூட்டிச் சொல்லி, பிறகு அளந்து பார்த்து அது சரியாக வந்தால்தான் கதைக்கு மரியாதை.

கைக்கு வந்த ஆதாரங்கள்

பெருவீக்கம் அப்படி முன்கூட்டிச் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது குவாண்டம் சலனம் பற்றியது. வெற்றிடம் என்பது அசையாமல் கிடப்பதில்லை. அணுவைவிடச் சிறிய அளவில் அதில் ஆற்றல் எந்நேரமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக அது உடனே அடங்கிவிடும். வெளி வீங்கிக்கொண்டிருக்கும்போது அடங்க நேரமில்லை. ஏற்றம் ஒரு பக்கம், இறக்கம் ஒரு பக்கம் இழுபட்டு, விண்மீன் மண்டலங்களின் அளவுக்கு நீண்டு அப்படியே நின்றுவிடும். கொஞ்சம் அடர்த்தி கூடிய இடத்தில் பிறகு பொருள் சேர்ந்து விண்மீன் மண்டலங்கள் உண்டாயின. 1981-இல் முகானோவ், சிபிசோவ் என்ற இரு சோவியத் இயற்பியலாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் கூடிய ஹாக்கிங், கூத் உள்ளிட்டவர்களும் போட்டார்கள்.

கணக்கிலிருந்து வந்த முடிவு: சிறிய சலனமும் பெரிய சலனமும் ஏறக்குறைய ஒரே வலுவில் இருக்கும். ஆனால் துல்லியமாக ஒரே வலு இல்லை. வீக்கம் மெல்ல ஓய்ந்து வந்ததால் பெரியவை ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும். எல்லா அளவிலும் ஒரே வலுவாக இருந்தால் அதைக் குறிக்கும் எண் 1. பெருவீக்கத்தின் எளிய வடிவங்கள் 1-க்குச் சற்றுக் கீழே என்றன. 2009-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தது 0.965, பிழை வரம்பு சுமார் 0.004. அதாவது 1 இல்லை என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, கொஞ்சம்தான் குறைகிறது என்பதிலும் சந்தேகமில்லை. இவ்வளவு துல்லியமாக அளப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் வந்த கணிப்பு.

அடுத்தது ஒலி. அந்தப் பழைய பிளாஸ்மாவில் அடர்ந்த இடங்கள் அமுங்கும், அமுங்கியதும் ஒளியின் அழுத்தம் அதைத் திருப்பித் தள்ளும், மறுபடி அமுங்கும். இது ஒலி அலையேதான். ஒளிக்கு வழி திறந்த அந்தச் சமயத்தில் எந்த அலை முழுதாக அமுங்கியிருந்ததோ, எது முழுதாக விரிந்திருந்ததோ, அந்த அளவிலான புள்ளிகள் பின்னணியில் தூக்கலாகத் தெரிய வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே நீளமுள்ள அலைகள் எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே கட்டத்தில் தொடங்கியிருக்க வேண்டும். பெருவீக்கத்தில் அப்படித்தான் நடக்கும், எல்லாச் சலனங்களும் முன்பே பதிந்துவிடுவதால். எதிர்க்கதை ஒன்று அப்போது இருந்தது: 'காஸ்மிக் ஸ்ட்ரிங்' எனப்படும் இழைகள் பிரபஞ்சத்தில் அலைந்து, காலமெல்லாம் புதிது புதிதாகச் சலனங்களைக் கிளப்பின என்பார்கள். அப்படியிருந்தால் ஆளுக்கொரு நேரத்தில் தொடங்கி எல்லாம் கலந்து மழுங்கிப் போயிருக்கும். அளந்தபோது உச்சங்கள் வரிசையாக, கூர்மையாக வந்தன. இழைக்கதை அத்தோடு பின்வாங்கியது.

அந்த உச்சங்களில் முதலாவது ஒரு பாகை அளவில் வருகிறது. ஒலி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது தெரியும், அந்த இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் தெரியும். வெளி வளைந்திருந்தால் அந்தப் புள்ளி ஒரு பாகையைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். அண்டார்ட்டிகாவின் மேல் பறந்த பூமராங் என்ற பலூன் சோதனையின் முடிவுகள் 2000-த்தில் இதைத் தெளிவாகக் காட்டின: தட்டைதான். இப்போது ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குத் துல்லியத்தில் தட்டை. இதில் ஒரு சின்ன வரலாறு உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வானியலாளர்கள் எண்ணிப் பார்த்த பொருளெல்லாம் சேர்த்தும், தட்டைக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பெருவீக்கக்காரர்கள் தட்டை, தட்டை என்று சொல்லிக்கொண்டு கொஞ்சம் தர்மசங்கடத்தில்தான் இருந்தார்கள். 1998-இல், பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் தெரிய வந்த பிறகுதான் மீதி கணக்கு நேரானது.

இவ்வளவும் போதாதா? எனக்குக் கிட்டத்தட்டப் போதும். ஆனாலும் அந்த மாணவியின் கேள்வி நிற்கிறது. இவையெல்லாம் பெருவீக்கத்தோடு ஒத்துப்போகின்றன. வேறு எதனாலும் வராது என்று சொல்ல முடியாது. பிரபஞ்சம் சுருங்கி மறுபடி விரிந்தது என்று சொல்லும் மாற்றுக் கதைகள் இருக்கின்றன. அவையும் கொஞ்சம் முயன்றால் இந்த அடையாளங்களைத் தந்துவிடும். அவற்றின் வழக்கமான வடிவங்களால் தர முடியாத ஒன்றும் உண்டு.

காலவெளியின் அலை

சலனம் ஆற்றலில் மட்டுமல்ல, ஈர்ப்பிலும் இருந்திருக்க வேண்டும். அதாவது காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியே குவாண்டம் அளவில் நடுங்கியிருக்க வேண்டும், வீக்கம் அதையும் இழுத்துப் பெரிதாக்கி ஈர்ப்பலையாக்கியிருக்க வேண்டும். 1979-இலேயே ஸ்டாரோபின்ஸ்கி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். இதுதான் தேடும் பொருள்.

ஈர்ப்பலை என்றதும் லைகோ ஞாபகம் வரும். 2015 செப்டம்பர் 14-இல் அமெரிக்காவிலுள்ள அந்தக் கருவிகள் இரண்டு கருந்துளைகள் மோதிய அதிர்வைப் பிடித்தன. அதன் ஒவ்வொரு கையும், அதாவது லேசர் ஒளி ஓடும் குழாயும், 4 கிலோமீட்டர். பாம்பன் ரயில் பாலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நீளத்தில் ஒரு புரோட்டானின் அகலத்தைவிடப் பல மடங்கு சிறிய மாற்றத்தை அளந்தார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதே மாதிரி ஒன்றை அமைக்க 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஆனால் லைகோ பிடித்த அலைகள் வேறு, இவை வேறு. லைகோவின் அலை நொடிக்கு நூறு முறை போல அதிரும். நாம் தேடும் அலையில் ஒரு முழு ஏற்ற இறக்கம் நடக்கவே நூறு கோடி ஆண்டுக் கணக்கில் ஆகும். 2023 ஜூனில் புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி உட்பட உலகின் பல ரேடியோ தொலைநோக்கிகள், சீராகத் துடிக்கும் பல்சர் விண்மீன்களைக் கடிகாரமாக வைத்து மெதுவான ஈர்ப்பலைகளுக்குச் சான்று காட்டின. 'பிரபஞ்சத்தின் தொடக்க அலை' என்று சில தலைப்புகள் வந்தன. அதுவும் இல்லை, பெரும்பாலும் விண்மீன் மண்டலங்களின் நடுவே ஒன்றையொன்று சுற்றும் ராட்சதக் கருந்துளைகளின் வேலையாகத்தான் அது இருக்கும்.

அவ்வளவு நீளமான அலையைக் கருவி வைத்து உணர முடியாது. அது எதிலாவது தடம் பதித்திருக்கிறதா என்று பார்க்கலாம். தடம் பதியக்கூடிய இடம் அந்த நுண்ணலைப் பின்னணிதான், அதிலும் அதன் தளவிளைவு.

தளவிளைவு என்றால் பிளஸ் டூ புத்தகத்தில் டூர்மலைன் படிகம் வரும், பாதிப் பேர் அதைத் தாண்டிவிடுவார்கள். நம் ஊரில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 'போலரைஸ்டு' என்று எழுதியிருக்கும் கூலிங் கிளாஸ் ஒன்றை யாரிடமாவது வாங்கிக்கொண்டு, அலை அதிகம் இல்லாத நாளில் மண்டபம் வடகடல் பக்கமோ தேவிபட்டினமோ போங்கள். வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில், சூரியன் இருக்கும் பக்கமாகத் திரும்பித் தண்ணீரைப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தகதகவென்று கூசும். கண்ணாடியைப் போட்டதும் கூச்சம் அடங்கி, கீழே கிடக்கும் கடல்தாழையும் மணலும் தெரியும். இப்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் பிடித்து மெல்லக் கால் வட்டம் திருப்புங்கள். கூச்சம் அப்படியே திரும்பி வந்துவிடும், தாழை மறைந்துவிடும். ஒளி ஓர் அலை. அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆடலாம். தண்ணீரில் பட்டுத் தெறித்த ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாகத்தான் ஆடும். கண்ணாடி அந்த ஆட்டத்தை மட்டும் தடுக்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து 53 பாகை சாய்வில் தண்ணீரைப் பார்க்கும்போது இந்த விளைவு முழுமையாக இருக்கும்.

தெறிப்பதால் மட்டுமல்ல, சிதறுவதாலும் ஒளிக்கு இப்படி ஒரு பக்கச்சார்பு, அதாவது தளவிளைவு, வரும். எலக்ட்ரானில் பட்டுச் சிதறும் ஒளி எவ்வளவு தளவிளைவு பெறும் என்று 1946-இல் விண்மீன்களுக்காகக் கணக்கிட்டவர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். கருந்துளை, விண்மீன் இறப்பு என்றுதான் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், இதையும் பேசலாம்.

பழைய பிளாஸ்மாவில் கடைசி முறை எலக்ட்ரானில் பட்டுச் சிதறி வந்த ஒளியும் இப்படி லேசாகத் தளவிளைவு பெற்றிருக்கிறது. எலக்ட்ரானின் ஒரு பக்கத்திலிருந்து சூடான ஒளியும் அதற்குச் செங்குத்தான பக்கத்திலிருந்து சற்றுக் குளிர்ந்த ஒளியும் வந்தால் அது நிகழும். வானத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஆட்டத்தின் திசையைச் சின்னக் கோடாக வரைந்தால் ஒரு படம் கிடைக்கும். அடர்த்திச் சலனங்கள் தரும் படத்தில் கோடுகள் ஒரு மையத்தைப் பார்த்து நீளும், அல்லது அதைச் சுற்றி வட்டமாக நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாலும் படம் மாறாது. இதற்கு ஈ-வகை என்று பெயர். 2002-இல் தென் துருவத்திலிருந்த டாசி என்ற கருவி இதைக் கண்டுவிட்டது.

ஈர்ப்பலை வெளியை ஒரு பக்கம் நீட்டி, குறுக்கே சுருக்கும். அது கடந்துபோகும் இடத்தில் கோடுகள் சாய்ந்து சுழியாக நிற்கும். கீழக்கரையில் சங்கு பார்த்தவர்களுக்கு இது எளிது: வலம்புரியைக் கண்ணாடிக்கு முன் வைத்தால் உள்ளே தெரிவது இடம்புரி. அப்படிக் கண்ணாடியில் திசை மாறும் சுழிப் படம்தான் பி-வகை. அடர்த்திச் சலனங்களால் இதை நேரடியாக உண்டாக்க முடியாது; ஈர்ப்பலையால் முடியும். 1997-இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாக எழுதிக் காட்டின. அன்றிலிருந்து வேட்டைதான்.

எவ்வளவு பலவீனமான தடம் தெரியுமா? ஒரு கெல்வினின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. நம் கரையில் நின்று இதை அளக்கவே முடியாது. காற்றிலிருக்கும் நீராவி நுண்ணலையை விழுங்கும், தானும் உமிழும். சட்டை ஒட்டிக்கொள்ளும் உப்புக்காற்றில் கருவிக்கு அந்த ஈரத்தைத் தவிர எதுவும் தெரியாது. அதனால்தான் தென் துருவத்துக்குப் போகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2800 மீட்டர் உயரம், காற்றில் ஈரமே இல்லாத குளிர், ஆறு மாத இரவு.

2014

அங்கே 2010 முதல் 2012 வரை பைசெப்2 என்ற தொலைநோக்கி வேலை செய்தது. பெயர்தான் பெரிது, அதன் வாய் 26 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பி-வகைச் சுழிகள் ஒன்றிரண்டு பாகை அகலத்தில் எதிர்பார்க்கப்படுவதால் பெரிய கண்ணாடி தேவையில்லை. உள்ளே 512 உணரிகள், வெறும் கால் கெல்வின் வெப்பநிலை வரை குளிர வைக்கப்பட்டிருந்தன. வானத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள ஒரே இடத்தை விடாமல் பார்த்தது.

2014 மார்ச் 17-இல் ஹார்வர்டில் செய்தியாளர் கூட்டம் வைத்து அறிவித்தார்கள்: பி-வகைச் சுழி கிடைத்துவிட்டது. ஈர்ப்பலையின் வலுவை அடர்த்திச் சலனத்தின் வலுவோடு ஒப்பிடும் ஓர் எண் உண்டு, ஆர் என்று எழுதுவார்கள். அது 0.2 என்றார்கள். குழுவைச் சேர்ந்த சாவ்-லின் குவோ கலிஃபோர்னியாவில் லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டிச் சேதி சொல்லும் வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. கதவைத் திறந்த லிண்டேயின் மனைவி ரெனாட்டா கல்லோஷும் இயற்பியலாளர். சேதி கேட்டு அவர் குவோவைக் கட்டிக்கொண்டார், பிறகு ஷாம்பெயின் திறந்தார்கள். 1983-இல் லிண்டே முன்வைத்த எளிய மாதிரி சொல்லியிருந்த எண்ணும் அதற்குக் கிட்டத்தில்தான். நோபல் யாருக்கு என்று பேச்சு தொடங்கிவிட்டது.

அறிவிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. பைசெப்2 பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில். நம் பால்வீதியில் விண்மீன்களுக்கிடையே நுண்ணிய தூசி மிதக்கிறது. அந்தத் துகள்கள் பால்வீதியின் காந்தப்புலத்துக்கு ஏற்ப ஒரே பாங்கில் திரும்பி நிற்கும்; 20 கெல்வின் சூட்டில் அவை உமிழும் நுண்ணலையும் தளவிளைவு பெற்றே வரும், அதிலும் சுழி வகை உண்டு. ஒரே அதிர்வெண்ணில் பார்த்தால் 1380 கோடி ஆண்டுச் சுழி எது, நம் வீட்டு வாசல் தூசி எது என்று பிரிக்க முடியாது. பல அதிர்வெண்ணில் பார்த்தால் முடியும்: அதிர்வெண் கூடக் கூடத் தூசி பளிச்சிடும், பின்னணியின் பங்கு குறையும். அந்த உயர் அதிர்வெண் அளவீடு பிளாங்க் குழுவின் கையில் இருந்தது, அவர்கள் இன்னும் வெளியிடவில்லை. பைசெப்2 குழு தூசியின் அளவைப் பல வழிகளில் ஊகித்தது. அவற்றில் ஒன்று, பிளாங்க் குழு ஒரு கூட்டத்தில் திரையில் காட்டிய படத்திலிருந்து எடுத்தது.

ஊகம் தப்பு. 2014 செப்டம்பரில் பிளாங்க் தன் 353 கிகாஹெர்ட்ஸ் அளவீட்டை வெளியிட்டது: தூசி குறைவு என்று நம்பிய அந்த இடத்திலேயே, பைசெப்2 கண்ட அளவு முழுவதையும் தூசியே தந்துவிடலாம். பிறகு இரண்டு குழுவும் தரவைச் சேர்த்து 2015 ஜனவரி இறுதியில் முடிவு சொன்னார்கள்: ஈர்ப்பலைக்குச் சான்று இல்லை, ஆர் 0.12-க்குக் கீழே.

இதை அறிவியலின் தோல்வி என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவி அளந்தது பொய் இல்லை. சுழி வானத்தில் உண்மையிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. அது யாருடையது என்பதில்தான் அவசரம். ஆய்வேட்டை மற்றவர்கள் பரிசோதிக்கும் முன்பே கேமரா முன் நின்றதுதான் என் கண்ணில் குறை. பதினொரு மாதத்துக்குள் அவர்களே சேர்ந்து உட்கார்ந்து பெயரைப் போட்டுத் திருத்தி எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஈ-வகை ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் விண்மீன் மண்டலங்களின் ஈர்ப்பால் வளைந்து, கொஞ்சம் சுழி வகையாகத் திரிந்துவிடும். 2013-இல் தென் துருவத் தொலைநோக்கி அதைக் கண்டது. இது பாகைக்கும் மிகக் குறைந்த அளவிலேயே அதிகம் என்பதால் கணக்கில் கழித்துவிடப் பார்க்கலாம்.

இன்றைய நிலை

பைசெப் குழு அதற்குப் பிறகு பல அதிர்வெண்களில் பார்க்கும் கருவிகளை வைத்தது. 2021-இல் அவர்கள் சொன்ன வரம்பு: ஆர் 0.036-க்குக் கீழே. இது வெறும் 'கிடைக்கவில்லை' இல்லை. கிடைக்காததே ஒரு செய்தி. 2014-இல் ஷாம்பெயின் திறக்க வைத்த லிண்டேயின் அந்த எளிய மாதிரி இந்த வரம்பால் அடிபட்டுப் போய்விட்டது. பாடநூல்களில் பெருவீக்கத்தை விளக்க முதலில் எழுதும் மாதிரியே அதுதான். மாறாக, 1980-இலேயே ஸ்டாரோபின்ஸ்கி வெளியிட்ட மாதிரி இன்னும் நிற்கிறது. அது கேட்கும் ஆர் சுமார் 0.003 முதல் 0.004 வரை.

ஆர் எண்ணுக்கு ஏன் இவ்வளவு பாடு? அது கிடைத்தால் வீக்கம் எந்த ஆற்றலில் நடந்தது என்பது நேராகத் தெரிந்துவிடும். 0.01 என்று வந்தால், ஜெனீவாவின் பெரிய துகள் மோதுவான் எட்டும் ஆற்றலைப் போல ஏறக்குறைய லட்சம் கோடி மடங்கு. அந்த அளவுக்கு மனிதன் ஒருநாளும் கருவி கட்டப்போவதில்லை. அதோடு, காலவெளியும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்படுகிறது என்பதற்கு அதுவே முதல் சான்றாகவும் இருக்கும்.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5200 மீட்டர் உயரத்தில் சைமன்ஸ் ஆய்வகம் இப்போது இதைத் தேடுகிறது. 2030-களில் ஜப்பான் லைட்பேர்ட் என்ற செயற்கைக்கோளை ஏவத் திட்டமிட்டிருக்கிறது. புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, வானம் முழுவதையும் பதினைந்து அதிர்வெண் பட்டைகளில் பார்த்து, ஆர் எண்ணை 0.001 துல்லியத்தில் அளப்பது அதன் இலக்கு. தூசியைப் பிரிக்கத்தான் அத்தனை பட்டை.

அங்கேயும் ஒன்றும் தெரியாவிட்டால்? ஸ்டாரோபின்ஸ்கியின் மாதிரியும் விழும். பெருவீக்கம் மொத்தமாக விழாது, ஆர் இன்னும் குறைவாக இருக்கும் மாதிரிகள் எத்தனையோ எழுதலாம். இதைத்தான் ஸ்டைன்ஹார்ட் பல ஆண்டுகளாகக் குற்றமாகச் சொல்கிறார்: எந்த எண் வந்தாலும் அதற்கு ஒரு மாதிரி கிடைக்குமென்றால் அதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? பெருவீக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரே இன்று அதன் கடுமையான விமர்சகர். 2017-இல் அவரும் வேறு இருவரும் இதை எழுதியபோது கூத், லிண்டே, ஹாக்கிங் உட்பட 33 பேர் கையெழுத்திட்டு மறுத்தார்கள். ஒரு மாதிரி தவறினால் எல்லா மாதிரியும் தவறாகிவிடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறோமே என்பது அவர்கள் வாதம். 0.965 என்ற எண்ணைப் பார்க்கும்போது நான் 33 பேர் பக்கம் சாய்கிறேன். 0.001-க்கும் கீழே போய்விட்டால் ஸ்டைன்ஹார்ட்டின் கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் இன்னும் சிரமப்பட வேண்டியிருக்கும்.